தவசுப்பிள்ளையின் நிபந்தனை

2019 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. காலையில் முதல் ஆராதனைக்குப் போய்விட்டு, பாளையங்கோட்டை வீட்டில் இரண்டு இட்லியும் காப்பியும் முடித்து, ஏழரை மணிக்கு மருத்துவமனைக்குள் நுழைந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளிநோயாளிகள் வருவதில்லை. அதனால் கட்டியை உறைய வைத்துக் கொல்லும் உறைவிப்பு சிகிச்சைகளை அன்றுதான் வைத்துக்கொள்வோம். உறைய வைக்கும் கருவி எங்களுக்குச் சொந்தமானதல்ல. மதுரையிலிருந்து வேனில் வரும். அதோடு வாயு சிலிண்டர்களும், அவற்றை இயக்க ஒரு பொறியாளரும் வருவார்கள். வேன் வந்து நின்றிருந்தது. சிலிண்டர்களின் அழுத்தத்தைப் பார்த்தேன். ஊசிகளை எடுத்து அளவு சரிபார்த்தேன். காந்த அறைக்குள் போக வேண்டிய ஒவ்வொருவரையும் நிறுத்தி, சாவி, கைபேசி, பேனா எல்லாவற்றையும் வாங்கி வெளியே வைத்தேன். மயக்க மருத்துவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்திருந்தார். வழக்கமாக மறப்பவர்தான்.

நான் படம் பார்த்து வழிசொல்லும் கதிரியக்கவியல் மருத்துவர். இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் எனக்கு எழுதுகிறீர்கள். ஊசிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது, எவ்வளவு நேரம் உறைய வைப்பது, எப்போது உருக விடுவது என்று கேட்கிறீர்கள். அதற்கெல்லாம் நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. கருவியோடு வரும் கையேட்டைக் கவனமாகப் படித்தாலே போதும். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன்னால் வந்து நின்ற கேள்வி எந்தக் கையேட்டிலும் இல்லை. ஓய்வு பெற்ற பின் நான் திரும்பத் திரும்ப யோசிப்பதும் அதைப் பற்றித்தான். ஆகவே அதை மட்டும் எழுதுகிறேன். யாருடைய பெயரும் இதில் வராது.

நோயாளி சீவலப்பேரிக்காரர், அறுபதைத் தாண்டியவர். கல்யாண வீடுகளில் சமைப்பது அவர் தொழில். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவரைத் தவசுப்பிள்ளை என்போம். மறுவீட்டு விருந்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைக்க இவர்தான் வர வேண்டும் என்று முகூர்த்த நாளையே அவருடைய வசதிக்குத் தகுந்தாற்போல் பார்த்த குடும்பங்கள் உண்டு. அவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்து, சில வருடங்களுக்கு முன் கதிர்வீச்சு கொடுத்து அடங்கியிருந்தது. இப்போது அதே சுரப்பியின் பின்பக்கம், மலக்குடலை ஒட்டினாற்போல் திரும்பியிருந்தது. வேறெங்கும் பரவவில்லை. மறுபடி கதிர்வீச்சு கொடுக்க முடியாது. பழைய கதிர்வீச்சினால் திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்ததால் கத்தி வைக்கவும் யாரும் துணியவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசிகளைச் செலுத்தி, அந்த இடத்தை உறைய வைத்துக் கொல்வது ஒன்றுதான் மிச்சமிருந்த வழி.

ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுத்தது அவர். "ஆடியில எவன் வீட்டுலயும் கல்யாணம் கிடையாது. ஆவணி பாதிக்கு மேல நான் அடுப்புக்கிட்ட நிக்கணும். அதுக்குள்ள முடிச்சு விட்டுருங்க, டாக்டரம்மா."

சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, இடம் குறிப்பதற்காக ஒரு ஸ்கேன் எடுத்தோம். அவரை உள்ளே அனுப்புவதற்கு முன் அவருடைய மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். விரல் இடுக்குகளில் கழுவிப் போகாத எண்ணெய்க் கறுப்பு இருந்தது.

"அப்பாக்கு கேன்சருன்னு தெரியாது, டாக்டரம்மா. கட்டின்னுதான் சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் பாத்து, பைய பேசிக்கிடுங்க."

இப்படிச் சொல்லாத குடும்பத்தை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். தலையசைத்துவிட்டு உள்ளே போனேன். ஸ்கேன் முடிந்து மேசையில் எழுந்து உட்கார்ந்த தவசுப்பிள்ளை, மகன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பதை ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு என்ன சீக்குன்னு எனக்குத் தெரியும். கரண்டு வைக்கப் போன எடத்துல நாள் பூரா பெஞ்சுல உக்காந்திருந்தேன். அங்கன முட்டுவலிக்கு வந்தவன் ஒருத்தனாவது இருந்தானா?"

கதிர்வீச்சைத்தான் எங்கள் பக்கத்தில் கரண்டு என்பார்கள். நான் சிரித்துவிட்டேன்.

"மவன் எங்கிட்ட மறைக்கான். எனக்குத் தெரியும்ங்கிறத நான் அவங்கிட்ட மறைக்கேன். வீட்டுல ஒரே ஒளிச்சு வெளையாட்டால்லா நடக்கு. அது கெடக்கட்டும். நாளக்கழிச்சு செய்யப்போறீகள்லா, அதுல கெட்டது என்னல்லாம் வரும்? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். சிறுநீர் கசியலாம். ஆண்மை போகலாம். ("அத விடுங்க," என்று கையை ஆட்டினார்.) மூன்றாவதாக, பனி மலக்குடல் சுவரைத் தொட்டுவிட்டால் அங்கே ஓட்டை விழலாம். கதிர்வீச்சு பட்ட சுவர் சுலபத்தில் ஆறாது. அப்படி ஆனால் வயிற்றில் துளை போட்டு மலத்துக்குப் பை கட்ட வேண்டியிருக்கும்.

"எவ்வளவு காலத்துக்கு?"

"உங்க விஷயத்துல, அநேகமா காலம் பூரா."

தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"அது வேண்டாம்."

"வராமப் பாத்துக்கத்தான் படம் பாத்துக்கிட்டே செய்யறோம்."

"அதச் சொல்லல. வர மாதிரி இருந்தா நிறுத்திருங்கன்னு சொல்லுதேன். நான் தவசுப்பிள்ளை, டாக்டரம்மா. பந்தியில உக்காந்திருக்கவன் மொதல்ல இலையப் பாக்கமாட்டான். சமைச்சவன் குளிச்சானா, துண்டு வெளுப்பா இருக்கான்னு பாப்பான். வயித்துல பையக் கட்டிக்கிட்டு ஒருத்தன் சொதி கிண்டுதான்னு ஒரு சொல்லு வெளிய போனாப் போதும். எவன் சாப்பிடுவான்? எங்கிட்ட வேலை செய்யுதவன் பத்துப் பேரும் சேந்துல்லா போவான்."

நான் மழுப்பவில்லை. "ஓரத்துல நிறுத்திட்டா கொஞ்சம் மிச்சம் நிக்கும். அது வளரும். வளந்தா அதுக்கப்புறம் எங்க கையில பெருசா ஒண்ணும் இல்ல."

"அதுவரைக்கும் அடுப்புக்கிட்ட நிப்பேம்லா?"

"நிப்பீங்க. எவ்வளவு நாள்னு சொல்ல முடியாது."

"நாள யாரு கேட்டா?"

இதை மகனையும் வைத்துக்கொண்டு ஒரு தடவை சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "அவன் அழுவான். அவன் அழுதா நான் 'சரி, உன் இஷ்டப்படி செய்யச் சொல்லு'ன்னுருவேன். அதனால வேண்டாம். உங்ககிட்ட சொல்லியாச்சு. அது போதும்."

அவர் சொன்னதை அன்றே நோயாளியின் கோப்பில் எழுதினேன்; ஊசி செலுத்தப்போகும் சிறுநீரகவியல் மருத்துவரிடம் நேரிலும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "பாப்போம் மேடம். அந்த நிலைமை வராது" என்றார். அவர் என்னைவிட வயதில் சிறியவர். கை மிகச் சுத்தம். அவசரப்படாதவர். அவரைப் பற்றி நீங்கள் தவறாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு தவசுப்பிள்ளையைத் தூங்க வைத்தார்கள். ஊசிகள் நினைத்த இடத்திலேயே போய் நின்றன. சுரப்பிக்கும் மலக்குடலுக்கும் நடுவே உப்புநீரைச் செலுத்தி, குடலைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளப் பார்த்தோம். மற்றவர்களுக்கு அது விலகிக்கொடுக்கும். இவருக்கு இரண்டும் ஒட்டிப்போயிருந்ததால் செலுத்திய நீர் பக்கவாட்டில் ஓடிவிட்டது. படத்தில் குடல் சுவர் ஒரு மெல்லிய சாம்பல் கோடாக இருந்த இடத்திலேயே இருந்தது. மருத்துவர் ஊசியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் அப்போதே புரிந்துவிட்டது.

நீங்கள் இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எம்.ஆர்.ஐ. படத்தில் பனி, மை கொட்டினதுபோல் கறுப்பாகத் தெரியும். அதன் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் துல்லியமாக இருக்கும். அந்தத் துல்லியத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கறுப்பாகத் தெரிவதெல்லாம் உறைந்திருக்கிறது. ஆனால் எல்லாம் செத்துவிடவில்லை. பனியின் ஓரத்தில் இருப்பது வெறும் தண்ணீர் உறையும் குளிர். புற்றுநோயைக் கொல்லும் குளிர் அதற்குச் சில மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. அதனால் கட்டி முழுதும் சாக வேண்டுமென்றால், பனி கட்டியைத் தாண்டி வெளியே போயாக வேண்டும். இவருக்குக் கட்டியைத் தாண்டினால் மலக்குடல்.

முதல் தடவை உறைய வைத்தபோது பனி சாம்பல் கோட்டை நெருங்கியதும் நிறுத்தச் சொன்னேன். உருக விட்டோம். வழக்கப்படி இரண்டாவது தடவை தொடங்கினோம். ஏற்கெனவே குளிர்ந்த திசுவில் பனி வேகமாக ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும். கறுப்பு கட்டியை மூடிக்கொண்டு பின்னால் வந்தது. அடுத்த படம். இன்னும் வந்தது. கட்டியின் பின்விளிம்பு இப்போது பனிக்குள் இருந்தது, ஆனால் கொல்லாத அந்த வெளி ஓரத்தில்.

"நிறுத்துங்க" என்றேன்.

பொறியாளர் வாயுவைக் குறைத்தார். அப்படிக் குறைத்து, பனியை வளரவும் விடாமல் உருகவும் விடாமல் சிறிது நேரம் பிடித்து வைக்கலாம். நீண்ட நேரம் முடியாது.

மருத்துவர் காந்த அறையிலிருந்து வந்து திரையின் முன்னால் குனிந்தார். "இன்னும் மூணு மில்லிமீட்டர் மேடம். அது போனா முடிஞ்சது. வேற எங்கயும் இல்ல, பின்னால ஒரு கீற்றுதான் நிக்குது."

"அந்த மூணு மில்லிமீட்டர் சுவர்ல இருக்கு."

"சுவர் ஓட்டையாகும்னு நிச்சயமாச் சொல்ல முடியுமா?"

"முடியாது. ஆகாதுன்னும் சொல்ல முடியாது. கரண்டு வச்ச சுவர்."

அவர் நிமிர்ந்தார். பிறகு, "வெளியில கேட்டுட்டு வந்துடறேன்" என்று போனார்.

இது நம் ஊரின் வழக்கம். அறுவை அரங்கிலிருந்து தலையை நீட்டி, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மகனையோ மனைவியையோ கூப்பிட்டு, "இப்படி இருக்கு, என்ன செய்யட்டும்?" என்று கேட்பது. நான் பார்த்த எல்லா மருத்துவமனைகளிலும் கேட்டிருக்கிறார்கள். பத்தில் ஒன்பது முறை நல்லதுக்குத்தான். பின்னால் "எங்களைக் கேட்கவில்லையே" என்ற பேச்சு வராது. அன்று அவர் வெளியே போனபோது எனக்கு அது சாதாரணமாகவே பட்டது. நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பனியின் ஓரம் படத்துக்குப் படம் ஒரு மயிரிழை நகர்வதுபோல் இருந்தது. மயக்க மருத்துவர் கேட்டார்: "இன்னும் எவ்வளவு நேரம் மேடம்?" கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னேன்.

மருத்துவர் திரும்பி வந்தார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"பையன் சொல்லிட்டான். பை வந்தாலும் பரவாயில்ல, முழுசா முடிச்சிருங்க, எங்களுக்கு அப்பா வேணும்னுட்டான். அவங்கம்மாவும் தலையாட்டினாங்க."

"நோயாளி என்ன சொன்னார்னு உங்களுக்குத் தெரியும்."

"வெள்ளிக்கிழமை சொன்னார். இன்னிக்கு இந்தத் திரையில இருக்கறது அவருக்குத் தெரியுமா?"

"இதேதான் நான் அவர்கிட்ட சொன்னது. நிறுத்துனா மிச்சம் நிக்கும், வளரும்னு. தெரிஞ்சுதான் சொன்னார்."

"மேடம், பை வேண்டாம்னு சொல்லாதவன் எவன் இருக்கான்? கட்டினதுக்கு அப்புறம் பழகிக்கிடுதாங்க. கடை நடத்துதாங்க, பேரப்பிள்ளையத் தூக்கிட்டுப் போறாங்க. என்கிட்ட எத்தனை பேர் வாராங்க தெரியுமா?"

அவர் சொன்னது பொய் இல்லை. நானும் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்னால் வேண்டாம் என்று அழுது, பின்னால் உயிரோடு இருப்பதற்கு நன்றி சொன்னவர்களை. அந்த நிமிடத்தில் எனக்கு வந்த சந்தேகம் பனியைப் பற்றியதல்ல. நாளைக்கு இந்த மனிதர் மனதை மாற்றிக்கொள்ளக்கூடும் என்பதற்காக, முந்தாநாள் அவர் தெளிவாகச் சொன்னதை நான் தள்ளலாமா? யோசித்துப் பார்த்தால், எந்தப் பக்கம் போனாலும் ஒருவருக்குத் துரோகம். வெளியே ஒருவன் அப்பா வேண்டும் என்கிறான். உள்ளே ஒருவர் பேச முடியாமல் தூங்குகிறார்.

பேச முடியாதவருடைய பேச்சைத்தான் நாம் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. பேச முடிந்தவனுக்கு அவன் வாய் இருக்கிறது. "அவர் மாத்திச் சொல்லுவார்னு நாம முடிவு செய்ய முடியாது. அவர்கிட்ட கேட்காம இதுக்கு மேல போகறதுக்கு நான் படம் எடுத்துத் தர மாட்டேன்" என்றேன்.

அப்போது அடுத்த படம் திரையில் விழுந்தது. கறுப்பின் ஓரம் சாம்பல் கோட்டைத் தொட்டிருந்தது. மருத்துவர் அதைப் பார்த்தார். என்னோடு அவர் மேலும் வாதாடவில்லை. பொறியாளரிடம் திரும்பி, "மூடிடுங்க. உருக விடுங்க" என்றார். பிறகு என்னிடம், "வெளியில நீங்களே சொல்லுங்க மேடம்" என்றார். அதில் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம்.

ஊசிகளை எடுத்து, தவசுப்பிள்ளையை விழிப்பு அறைக்கு மாற்றியபின் வெளியே போனேன். மகன் எழுந்து ஓடி வந்து கைகூப்பினார். அவருடைய அம்மா பெஞ்சிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முழுசா முடிஞ்சிட்டா, டாக்டரம்மா?"

"பெரும்பகுதி முடிஞ்சது. பின்பக்கம் குடலை ஒட்டி ஒரு கீற்று இருக்கு. அதைத் தொடல."

கூப்பிய கை இறங்கியது. "நான் சொன்னேம்லா? அந்த டாக்டர் இங்கன வந்து நின்னு எங்கிட்ட கேட்டாருல்லா? பை வந்தாலும் வரட்டும், முழுசா எடுத்துருங்கன்னு நான் வாயத் தொறந்து சொன்னேம்லா? செய்யமாட்டீகன்னா பின்ன எதுக்கு எங்கிட்ட வந்து கேட்டீக?"

உங்கள் அப்பாதான் வேண்டாம் என்றார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவுக்கு நோயே தெரியாது என்று நம்பிக்கொண்டிருப்பவரிடம், அதையும் அந்த நடைபாதையில் வைத்து உடைக்க எனக்கு மனம் வரவில்லை. அது தவசுப்பிள்ளை சொல்ல வேண்டியது. "காலையில அப்பாகிட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்றேன்.

"அவியகிட்ட என்னத்தப் பேச? அவியளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். "பாதியில விட்டுட்டீக. எங்கப்பாவ பாதியில விட்டுட்டீக." அவர் கத்தவில்லை. அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த மூன்று மில்லிமீட்டரைப் பற்றி அல்ல. நிறுத்தியது சரியா, தவறா என்று எனக்கே இன்றும் நிச்சயமில்லை. நடைபாதையில் போய்க் கேட்டது தவறு என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. எந்தப் பதில் வந்தாலும் அதன்படி நடக்க நீங்கள் தயாராக இல்லாத கேள்வியை, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்காதீர்கள். கேட்ட நிமிடத்திலேயே அவன் தோளில் ஒரு உயிரை ஏற்றிவிடுகிறீர்கள். பிறகு அவனைக் கேட்காமல் இறக்கிவிட முடியாது. கேட்க வேண்டியதை நோயாளி விழித்திருக்கும்போது, குடும்பத்தையும் அதே அறையில் உட்கார வைத்து, நோயின் பெயரைச் சொல்லி, வாய்விட்டுக் கேளுங்கள். "நடுவில் இப்படி ஆனால் என்ன செய்யட்டும்?" அதற்குப் பின் எங்கள் பிரிவில் அப்படித்தான் செய்தோம். இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போயின. ஒரு பெரியவர், பெயரைக் கேட்டதும், சிகிச்சையே வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்விட்டார். இது வலியில்லாத முறை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

அவருக்கு அப்புறம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பை வரவில்லை. சிறுநீர் கொஞ்சம் கசிந்தது. உள்ளே துணி வைத்துக்கொண்டு சமாளித்தார். சொன்னபடி ஆவணிக் கடைசியில் அடுப்பருகே நின்றார். ஐப்பசியில் நின்றார், தையிலும் மாசியிலும் நின்றார். பங்குனியில் ஊரடங்கு வந்தது. மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. கல்யாணங்கள் வீட்டுக்குள் இருபது பேரோடு முடிந்தன. அவருடைய பத்துப் பேரில் சிலர் தாமிரபரணிக் கரையோரம் வயல் வேலைக்குப் போனார்கள். பெரிய அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததோடு சரி. அந்தச் சமயத்திலேயே பின்பக்கக் கீற்று வளரத் தொடங்கியது. நாங்கள் படத்தில் பார்த்த அதே இடம்தான். பிறகு முதுகெலும்புக்குப் போனது. அதற்கு அடுத்த வருடம் இறந்துவிட்டார். கடைசி மாதங்களில் வலி மிகக் கொடுமையாக இருந்தது என்று கேள்விப்பட்டேன்.

மகன்தான் கைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். "முடிஞ்சிட்டு, டாக்டரம்மா." பிறகு, "அன்னைக்கு முழுசா செஞ்சிருந்தா இருந்திருப்பாவளா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் கைபேசியை வைத்துவிட்டார்.

சிறுநீரகவியல் மருத்துவர் அதைக் கேள்விப்பட்ட அன்று கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். "எந்தக் கல்யாணத்துக்காகப் பை வேண்டாம்னாரோ, அந்தக் கல்யாணமே இல்லாம ஊர் கெடந்தது மேடம். பையோட வீட்டுல உக்காந்திருந்தாலும் ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க. உயிரோட இருந்திருப்பார்." ஊரடங்கு வரும் என்று அன்று யாருக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது தெரியும். இருவரும் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தோம். அதன் பிறகும் நாங்கள் சேர்ந்தே வேலை செய்தோம்.

இதில் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. சிகிச்சைக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, ஸ்கேன் அறைக்குப் போகவில்லை. மருத்துவமனைக்குள் நுழைந்ததும் நேராக மாடி வார்டுக்குப் போனேன். தவசுப்பிள்ளை விழித்திருந்தார். மனைவி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மகன் காப்பி வாங்கப் போயிருந்தார்.

"பை?" என்றார். அதுதான் முதல் வார்த்தை.

"இல்ல."

"மிச்சம்?"

"இருக்கு. பின்னால ஒரு கீற்று. நீங்க சொன்னபடி நிறுத்திட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோரம் ஈரமானது. அது நிம்மதியா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். பிறகு கேட்டார்: "மவனுக்குத் தெரியுமா?"

"மிச்சம் இருக்கறது தெரியும். நீங்க சொல்லித்தான் நிறுத்தினேன்னு தெரியாது. முழுசா எடுக்கலாமான்னு அவர்கிட்ட கேட்டு, சரின்னு வாங்கிட்டு, எடுக்காம வந்துட்டோம்."

"திட்டினானா?"

"ம்."

"என்னையல்லா திட்டணும்." முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். "உங்களையே திட்டிட்டுப் போகட்டுமே, டாக்டரம்மா. உங்களுக்கு என்ன, நாலு பேரு திட்டுதது புதுசா? அவனுக்கு எம்மேல கோவம் வந்தா, நான் போனபெறகு அவன் அத எங்க கொண்டு வைப்பான்?"

அந்த வாதமும் பொய் இல்லை. ஆனால் முந்தைய நாள் அந்த நடைபாதையில் நின்றவள் நான். "இதுக்கு மேல மறைக்க என்னால முடியாது. நீங்க சொல்லுங்க. இல்லன்னா உங்க அனுமதியோட நான் சொல்றேன்."

"நீங்க சொல்லாண்டாம்." பிறகு, "நான் சொல்லும்போது இங்கன நிப்பீகளா?" என்றார்.

"நிக்கறேன்."

மகன் ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏலே, இங்கன வந்து உக்காரு" என்றார் தவசுப்பிள்ளை. "அவியளத் திட்டாத. பை வேண்டாம், நிறுத்திருங்கன்னு சொன்னது நாந்தான். வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேன். எனக்குக் கேன்சருன்னும் தெரியும்லே. கரண்டு வைக்கும்போதே தெரியும்."

பேச்சுச் சத்தத்தில் பாயில் கிடந்த மனைவி எழுந்து உட்கார்ந்திருந்தார். மகன் ஃபிளாஸ்க்கைக் கீழே வைக்கவில்லை. கைப்பிடியை இறுகப் பிடித்தபடி நின்றார்.

"அப்ப உங்களுக்கு அடுப்புதான் வேணும். நாங்க வேண்டாம். அப்படித்தானப்பா?"

தவசுப்பிள்ளை கையூன்றி எழுந்து உட்காரப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டே இருந்தேன்.